மார்ஸ் அப்சர்வர்: மலிவான பாகங்கள்தான் காரணமா?

“நாசாவின் பிளானட்டரி அப்சர்வர் திட்டம் மட்டமான பாகங்களால் தோற்றது, போட்ட பணம் மொத்தமும் வீண்” என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இரண்டுமே தவறு.

பூமியைச் சுற்றும் செயற்கைக்கோள்களின் வடிவமைப்பையே கோள்களுக்கும் பயன்படுத்திச் செலவைக் குறைப்பதுதான் திட்டம். அதில் பறந்தது செவ்வாயை ஆராய அனுப்பிய மார்ஸ் அப்சர்வர் விண்கலம் மட்டும்தான். 1993 ஆகஸ்ட் 21 அன்று, செவ்வாயை நெருங்கிய நிலையில், எரிபொருள் தொட்டிகளுக்கு அழுத்தம் ஏற்றுவதற்காக டிரான்ஸ்மிட்டரை அணைத்தார்கள். அப்புறம் அதனிடமிருந்து சிக்னலே வரவில்லை. நேரடித் தடயம் இல்லாததால் விசாரணைக் குழு, பெரும்பாலும் இப்படித்தான் நடந்திருக்கும் என்று ஒரு காரணத்தைச் சொன்னது: 11 மாதப் பயணத்தில் ஆக்சிஜனேற்றியின் (எரிபொருளை எரியவைக்கும் வேதிப்பொருள்) ஆவி வால்வு வழியே மெல்லக் கசிந்து, குழாய்க்குள் எரிபொருளோடு கலந்து வினைபுரிந்து, குழாய் வெடித்திருக்கலாம். பாகம் மட்டம் என்பதல்ல பிரச்சினை. பூமிச் சுற்றுப்பாதைக்கான ஏற்பாட்டை இவ்வளவு நீண்ட பயணத்துக்குத் தக்கபடி மாற்றவில்லை. சொல்லப்போனால் அது மலிவாகவும் முடியவில்லை, செலவு 80 கோடி டாலரைத் தாண்டியது.

சரி, எல்லாம் வீணா? அதே கருவிகளில் பலவற்றை மறுபடி செய்து 1996இல் மார்ஸ் குளோபல் சர்வேயர் என்ற விண்கலத்தில் அனுப்பினார்கள். செவ்வாயின் மேடுபள்ளங்களை லேசரால் அளந்து முழு வரைபடம் தந்த மோலா அவற்றில் ஒன்று. மார்ஸ் அப்சர்வரின் இன்னொரு கருவியான காமா கதிர் நிறமாலைமானி (தரையில் என்னென்ன தனிமங்கள் இருக்கின்றன என்று கதிர்களை வைத்து அறிவது) 2001இல் ஒடிஸி விண்கலத்தில் போய், தரைக்கடியில் உறைபனி இருப்பதைக் காட்டிக்கொடுத்தது.