மன்னராட்சியை மட்டும்தான் திருச்சபை ஏற்றதா?

'மன்னராட்சி ஒன்றே கத்தோலிக்க ஆட்சி. 1960களில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் (உலகக் கத்தோலிக்க ஆயர்களின் மாநாடு) கூடும் வரை எந்தத் திருத்தந்தையும் (போப்பும்) குடியரசை ஏற்கவில்லை. மேற்கத்திய நாடுகளின் சரிவுக்குக் குடியரசை ஏற்றதே காரணம்' என்று ஒரு கூற்று சுற்றி வருகிறது. இது தவறு.

1890 நவம்பர் 12 அன்று, அப்போது பிரான்சின் ஆட்சியில் இருந்த அல்ஜியர்ஸில், அந்நகரப் பேராயர் கர்தினால் லவிழரி பிரெஞ்சுக் கடற்படை அதிகாரிகளுக்கு விருந்து வைத்தார். வந்தவர்களில் பெரும்பாலோர் மன்னராட்சி ஆதரவாளர்கள். அவர்கள் முன் எழுந்து, குடியரசை மனதார ஏற்றுக்கொள்ளுங்கள் என்றார். அப்புறம் அவருடைய மாணவர்களின் வாத்தியக்குழு 'மார்செய்யேஸ்' வாசித்தது. அரசரைக் கொன்ற புரட்சியின் பாட்டு அது! அந்த அதிகாரிகளின் முகம் எப்படி இருந்திருக்கும்?

அது அவருடைய சொந்தக் கருத்துதானே என்று தள்ளிவிடவும் முடியாது. 1892 பிப்ரவரியில் திருத்தந்தை 13ஆம் லியோவே பிரெஞ்சு மொழியில் சுற்றுமடல் எழுதினார். பேரரசு, மன்னராட்சி, குடியரசு என எந்த வடிவமும் பொதுநலனை நாடினால் நல்லதே என்றும், நிலைபெற்ற அரசை ஏற்பது வேறு, அது இயற்றும் தவறான சட்டங்களை எதிர்ப்பது வேறு என்றும் அதில் தெளிவாகப் பிரித்துச் சொன்னார்.

சரி, தவறு என்று கண்டிக்கப்பட்ட கருத்துகளைத் தொகுத்து 1864இல் திருத்தந்தை 9ஆம் பயஸ் வெளியிட்ட பிழைப் பட்டியல்? அது திருச்சபையையும் அரசையும் பிரிக்க வேண்டும் என்ற கருத்தைக் கண்டித்தது உண்மை. ஆனால் அதன் 80 கூற்றுகளில் குடியரசு என்ற ஆட்சி வடிவத்தைக் கண்டிக்கும் கூற்று ஒன்றுகூட இல்லை.