கிழிந்தால் கிழியட்டும், பிள்ளைகள் கையில் கொடுங்கள்

தொடக்கப் பள்ளிகளில் இப்போது கதைப் புத்தகத்துக்குப் பஞ்சமில்லை. 2022இல் பிள்ளைகளுக்கு அடிப்படை எழுத்தும் கணக்கும் கற்றுத்தரும் எண்ணும் எழுத்தும் என்ற அரசுத் திட்டம் வந்தது, அடுத்த வருடம் பிள்ளைகளை வாசிக்க வைக்கும் வாசிப்பு இயக்கம் வந்தது. நுழை, நட, ஓடு, பற என்று நிலை பிரித்து அருமையான சின்னச் சின்னப் புத்தகங்கள். நாலாம், ஐந்தாம் வகுப்புக்கு ஊஞ்சல் இதழ் வேறு. ஆனால் எத்தனையோ பள்ளிகளில் இவை பீரோவுக்குள் பத்திரமாக இருக்கின்றன.

தலைமையாசிரியர்களை நான் குறை சொல்ல மாட்டேன். இருப்புப் பதிவேட்டில் ஏறிய பொருள் எது குறைந்தாலும் கையெழுத்துப் போட்டவர்தான் பதில் சொல்ல வேண்டும். மாறுதலில் போகும்போது எண்ணி ஒப்படைக்க வேண்டும். புத்தகம் புத்தம் புதுசாக இருந்தால் யாரும் ஒன்றும் கேட்பதில்லை, கிழிந்தால்தான் கேட்கிறார்கள். பக்கம்கூட பிரியாமல் கிடக்கும் கதைப் புத்தகத்தைப் பார்த்தல்லவா கேட்க வேண்டும்? ஒவ்வொரு வருடமும் இத்தனை புத்தகம் கிழியும், தொலையும் என்று கல்வித்துறையே கணக்கில் கழித்துக்கொள்ளட்டும். ஆசிரியர்களின் பாதிப் பயம் அதிலேயே போய்விடும்.

ஏற்காடு மலையில் பாடம் எடுப்பவள் என்பதால் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். இங்கே பல வீடுகளில் அச்செழுத்து என்றால் நாள்காட்டியும் ரேஷன் கார்டும்தான். காபிப் பழம் பறிக்கும் மாதங்களில் அப்பா அம்மா இருவரும் விடிந்ததும் எஸ்டேட்டுக்குக் கிளம்பிவிடுவார்கள். பிள்ளைக்குத் துணை பாட்டிதான். அந்தப் பிள்ளை ஒரு கதைப் புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப் போனால் பாட்டிக்கு வாசித்துக் காட்டும். பாட்டிக்கு எழுத்து தெரியாது, ஆனால் கதை கேட்கத் தெரியும். "அப்புறம்?" என்பார். அதற்காகவே பிள்ளை அடுத்த பக்கத்தைத் திருப்பும்.

247 எழுத்தையும் முடித்துவிட்டுத்தான் கதைப் புத்தகம் என்று சிலர் இன்னும் சொல்கிறார்கள். அப்படிக் காத்திருக்கத் தேவையே இல்லை. ட, ப, ம மூன்றும் புள்ளியும் தெரிந்தால் போதும். படம், மடம், பட்டம், மட்டம் எல்லாம் வாசித்துவிடலாம். இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி விரலை வைத்து "ம... ர... த்... தி... ல்" என்று கூட்டினாள். படத்தில் மரக்கிளையில் இருந்த குரங்கை ஒரு பார்வை பார்த்தாள். அப்புறம் ஒரே மூச்சில் "மரத்தில்!" என்றாள். எழுத்து சொல்லாக மாறுகிற அந்த நொடியில் நாம் வாயைத் திறக்கக் கூடாது. கதையின் நீதி என்ன, எத்தனை பாத்திரங்கள் என்று கேட்டோமானால் அதுவும் ஒரு பரீட்சையாகிவிடும்.

வாசிக்கத் தெரிந்த பிள்ளைகளுக்கும் ஆசிரியர் தினமும் சத்தமாக வாசித்துக் காட்ட வேண்டும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பத்து நிமிடம் போதும். குரலை ஏற்றி இறக்கி, பேசுகிற மாதிரி வாசித்தால் வகுப்பே அசையாது. முடித்ததும் அந்தப் புத்தகத்தைப் பிள்ளைகள் எடுக்கிற உயரத்தில் கயிற்றில் தொங்கவிடுங்கள்.

சேலம் புத்தகத் திருவிழாவில் வாங்கிப் பள்ளிக்குக் கொடுக்கும் நல்ல மனிதர்களுக்கு ஒரு விண்ணப்பம். தடித்த பொது அறிவுப் புத்தகங்கள் வேண்டாம். பெரிய எழுத்தில், படத்தோடு, மெல்லிசான கதைப் புத்தகங்களாகப் பாருங்கள். ஒவ்வொன்றிலும் இரண்டு பிரதி வாங்குங்கள். ஒருத்தி வாசிப்பதைப் பார்த்ததும் பக்கத்தில் இருப்பவளுக்கும் அதே புத்தகம்தான் வேண்டும், அதுவும் அப்போதே.