குதிரைக் கவசமும் புதிய நாடும் ஒன்றல்ல

சித்திரைப் புத்தாண்டுக்குக் கிடைத்த கைவிசேடத்தில் ஒரு ரூபாவையும் தொடாமல் வைத்திருந்தான் என் அக்காவின் மகன். போன கிழமை அதை என்னிடம் தந்து, என் வங்கி அட்டையில் ஒரு கேமுக்கான டி.எல்.சி.யை, அதாவது கேமோடு பின்னர் சேர்க்கும் மேலதிகப் பகுதியை, வாங்கித் தரச் சொன்னான். கதை இன்னும் நீளும், புதிய ஊர் ஒன்று திறக்கும் என்று நம்பியிருந்தான். இறங்கி முடியும்வரை திரைக்கு முன்னாலிருந்து எழும்பவில்லை. வந்தவை மூன்று உடுப்புகளும் வாளுக்கு ஒரு சிவப்பு நிறமும். "மாமா, புது இடம் எங்கே?" என்று கேட்டபடி வரைபடத்தைப் பெரிதாக்கி, அதன் கரை முழுவதும் விரலால் தேடிக்கொண்டிருந்தான்.

பார்த்து வாங்கவில்லை என்று அக்கா அவனை ஏசினார். என்னால் அதை ஏற்க முடியவில்லை. பிழை டி.எல்.சி. என்ற அந்தச் சொல்லில் இருக்கிறது.

டி.எல்.சி. என்றால் தரவிறக்கக்கூடிய உள்ளடக்கம். பொருள் எந்த வழியாக வீட்டுக்கு வருகிறது என்பதற்கு மேல் அந்தப் பெயர் எதையும் சொல்வதில்லை. விரிவாக்கப் பொதி என்பதோ வந்த பொருள் என்னவென்று சொல்கிறது. 'சைக்கிளில் வருவது' என்று மட்டும் கூவி மீன் விற்றால், பெட்டிக்குள் இருப்பது கொடுவாவா கூனியா என்று யாருக்குத் தெரியும்?

விரிவாக்கம் என்றால் என்னவென்று நான் கண்டது சமாதான காலத்தில், மட்டக்களப்பு நகரிலிருந்த ஒரு கணினி நிலையத்தில். நாட்டைக் கட்டியெழுப்பிப் போரிடும் ஏஜ் ஒஃப் எம்பயர்ஸ் 2 கேமுக்கு 2000ஆம் ஆண்டு வெளியான 'த கொன்கரர்ஸ்' அது. மூலக் கேம் இல்லாமல் இயங்காது. அஸ்டெக், மாயர், ஸ்பானியர், ஹூணர், கொரியர் என ஐந்து இனங்கள் புதிதாக வந்தன. எனக்கு அவற்றைவிடப் பெரிதாகத் தெரிந்தது ஆலை. முன்பு வயல் வளமிழந்தால் நாமே தேடிப்போய் மறுபடி விதைக்க வேண்டும். சண்டைக்கு நடுவில் மறந்தால் குடிமக்கள் வெறுமனே நிற்பார்கள். கொன்கரர்ஸிலோ ஆலையில் விறகை முன்கூட்டியே செலுத்தி, அடுத்தடுத்த விதைப்புகளை வரிசையில் போட்டுவைக்கலாம். என் அப்பா படுவான்கரையில் வயல் செய்தவர். அந்த வரிசையைக் கண்ட நாளில் நான் எவ்வளவு மகிழ்ந்தேன் என்பது இன்றும் நினைவிருக்கிறது. பழைய கேமை ஆடும் முறையே மாறிப்போனது. விரிவாக்கம் என்று நான் சொல்வது இதைத்தான்.

"இப்போது எல்லாமே இணையத்தில்தானே வருகிறது, எல்லாவற்றையும் டி.எல்.சி. என்றால் என்ன?" என்று நண்பர்கள் கேட்கிறார்கள். ஒப்ளிவியன் கேமையே எடுத்துக்கொள்ளுங்கள். 2006 ஏப்ரலில் குதிரைக்கு ஒரு கவசத்தை இரண்டரை டொலருக்கு விற்றார்கள். மறு ஆண்டு 'ஷிவரிங் ஐல்ஸ்' வந்தது: தனி நிலப்பரப்பு, தனிக் கதை, பைத்தியத்தின் கடவுள் ஆளும் ஒரு நாடு. எக்ஸ்பொக்ஸ் விளையாட்டுக் கருவியில் அதைத் தரவிறக்கினார்கள். கணினிக்கு இறுவட்டாகவும் கடைக்கு வந்தது. அந்தக் குதிரைக் கவசமும் பின்னர் வேறொரு பொதியோடு சேர்ந்து இறுவட்டில் ஏறியது. வந்த வழியை வைத்துப் பெயரிட்டால், ஒரே நாடு ஒரு வீட்டில் டி.எல்.சி., அடுத்த வீட்டில் இல்லை. இது பெயரே அல்ல.

ஒழுங்காகப் பெயரிடுகிறவர்களும் இருக்கிறார்கள். விட்சர் 3 கேமைச் செய்தவர்கள் 16 சிறு சேர்க்கைகளை டி.எல்.சி. என்று சொல்லி இலவசமாகவே கொடுத்தார்கள். 2016இல் வந்த 'பிளட் அண்ட் வைன்' போன்ற பெரியவற்றுக்குத்தான் விரிவாக்கம் என்ற பெயரும் விலையும். த சிம்ஸ் 4இல் விரிவாக்கப் பொதி, கேம் பொதி, பொருட்பொதி, கிட் என்று அளவுக்கேற்பப் பெயர்கள் உண்டு. அங்கே வாங்கிக் குவிக்க வேண்டியவை மிக அதிகம், அது வேறு கோபம். ஆனால் எந்தப் பெட்டியில் எவ்வளவு இருக்கும் என்று ஓரளவு தெரிகிறது. எல்டன் ரிங் கேமின் விரிவாக்கமான 'ஷேடோ ஒஃப் த எர்ட்ரீ' 2024இல் 40 டொலர். அந்த விலைக்கு அதில் ஒரு முழு நிலம் இருக்கிறது. அதையும் வாள் நிறத்தையும் ஒரே சொல்லால் அழைக்க எனக்கு வாய் வரவில்லை.

தமிழில் எழுதும் நாங்கள் ஏன் இந்தக் குழப்பத்தைச் சுமக்க வேண்டும்? உடுப்பு, நிறம், ஆயுதம் என்றால் 'மேலதிகப் பொருள்' என்று எழுதுவோம். பழைய கேமுக்குள் ஓரிரு பணிகள் மட்டும் கூடினால் 'மேலதிக அத்தியாயம்'. புதிய நிலமோ, ஆட்டத்தையே மாற்றும் விதிகளோ வந்தால் 'விரிவாக்கம்'. தரவிறக்கமா இறுவட்டா என்பதைக் கடைசியில் சொன்னால் போதும்.

நேற்று மருமகன் இன்னொரு பொதியின் பக்கத்தைக் கொண்டுவந்து காட்டினான். நான்கு வரி விளக்கம். இருவரும் இரண்டு தடவை வாசித்தோம். 'புதிய அனுபவம்' என்று இருந்தது. எத்தனை பணிகள், புதிய இடம் உண்டா என்பது எங்குமே இல்லை. அவனே பக்கத்தை மூடிவிட்டான்.