மண்டபம் கேம்ப்பும் காங்கேசன்துறை வக்கீலும்

தேர்தல் வந்தால் எங்கள் பக்கம் ஒரு பேச்சு கிளம்பும்: "வக்கீலா பார்த்து அனுப்புங்கப்பா, டெல்லியில சட்டம் பேசுவாரு." சட்டம் யாருக்குத்தான் தெரியாது? யாருக்காகப் பேசுகிறார் என்று பாருங்கள். இதைச் சொல்ல எனக்குக் கிடைத்த ஆள் கடலுக்கு அந்தப் பக்கத்துக்காரர், இலங்கையில் காங்கேசன்துறை எம்.பி.யாக இருந்த சா. ஜே. வே. செல்வநாயகம்.

1898-இல் மலாயாவின் ஈப்போவில் பிறந்தவர், வளர்ந்தது யாழ்ப்பாணத்துத் தெல்லிப்பழையில். கொஞ்ச காலம் வாத்தியார், அப்புறம் கொழும்பில் பேர் பெற்ற சிவில் வக்கீல். சத்தம் போட்டுப் பேசத் தெரியாத மனிதர். 1947-இல் ஜி. ஜி. பொன்னம்பலத்தின் தமிழ்க் காங்கிரஸ் சார்பில் நாடாளுமன்றம் போனார். பொன்னம்பலமும் வக்கீல்தான், அவர் கிரிமினல் கோர்ட்டின் சிங்கம்.

1948-இல் இலங்கையில் வந்த குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்கள் ஆக்கியது. அடுத்த ஆண்டே ஓட்டும் போனது. யார் இவர்கள்? மண்டபம் கேம்ப்பில் நிறுத்தி வைத்து, நோய் நொடி பார்த்து, அம்மை குத்தி, தனுஷ்கோடியில் கப்பல் ஏற்றி இலங்கைத் தோட்டங்களுக்கு வேலைக்கு அனுப்பிய நம்ம சனம். இன்றைக்கும் ராமநாதபுரம் சீமையில் பெரியவர்களிடம் உட்கார்ந்தால், கண்டிக்குப் போன ஒருவரைப் பற்றிய பேச்சு வந்துவிடும்.

பொன்னம்பலம் அந்த அரசிலேயே மந்திரி ஆனார். செல்வநாயகம் ஒத்துக்கொள்ளவில்லை. கட்சியை விட்டு வெளியே வந்து 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். இன்றைக்குத் தோட்டத் தொழிலாளிக்கு நேர்ந்தது நாளைக்கு யாழ்ப்பாணத்தானுக்கும் நேரும் என்பது அவர் கணக்கு. அந்தத் தொழிலாளிகள் யாரும் காங்கேசன்துறை வாக்காளர்கள் இல்லை. அவர்களுக்காகப் பேசி ஒரு ஓட்டுக்கூடக் கூடப்போவதில்லை. 1952 தேர்தலில் தோற்றும் போனார். அவர் வாழ்க்கையில் நான் பெரிதாக நினைப்பது இந்த இரண்டு மூன்று வருடங்களைத்தான்.

ஆனால் எல்லோரும் பேசுவது தமிழர் உரிமைக்காக அவர் பிரதமர்களோடு போட்ட ஒப்பந்தங்களைப் பற்றி. 1957-இல் பண்டாரநாயக்காவோடு ஒன்று, அடுத்த வருடமே பிக்குகள் பண்டாரநாயக்காவின் வீட்டு வாசலில் வந்து உட்கார, கிழிந்தது. 1965-இல் டட்லி சேனநாயக்காவோடு இன்னொன்று, அதுவும் நடக்கவில்லை. "ஏமாந்த வக்கீல்" என்று சிலர் கேலி செய்வார்கள். கையெழுத்துப் போட்டு மீறியவனை விட்டுவிட்டு நம்பியவனைக் கேலி செய்வது என்ன நியாயம்? எனக்கு அவர் மேல் குறை உண்டு, அது வேறு. 1957 ஒப்பந்தத்தில் மலையகத்தார் குடியுரிமை, பிரதமர் விரைவில் கவனிப்பார் என்ற அளவில் நின்றுவிட்டது. எதற்காகக் கட்சியை உடைத்தாரோ அந்த விஷயத்துக்கு அவ்வளவுதான் இடம். அவ்வளவு பெரிய சிவில் வக்கீல் அதை எப்படி ஏற்றார் என்று இன்னமும் விளங்கவில்லை.

1964-இல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் அந்த மலையகத் தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்வதாகக் கையெழுத்திட்டார்கள். அந்தச் சனத்தை யாரும் கேட்கவில்லை. தலைமன்னாரிலிருந்து ராமேஸ்வரத்தில் வந்து இறங்கினார்கள், மறுபடியும் அதே மண்டபம் கேம்ப்.

செல்வநாயகம் 1972 குடியரசு அரசியலமைப்பை எதிர்த்து எம்.பி. பதவியைத் தூக்கிப் போட்டு, "இடைத்தேர்தல் வையுங்கள், மக்கள் சொல்லட்டும்" என்றார். அரசு இரண்டு வருடத்துக்கு மேல் இழுத்தடித்தது. 1975 பிப்ரவரியில் வைத்தபோது, பார்க்கின்சன் நோயோடு நின்று 16,000 ஓட்டுக்கு மேல் வித்தியாசத்தில் ஜெயித்தார். 1977 ஏப்ரலில் காலமானார்.

நம் ஊரில் ஈழம் என்றாலே பேச்சு 1983-இல்தான் தொடங்குகிறது. அதற்கு முந்தைய முப்பது வருடக் கதையில் நம் சனமும் இருக்கிறது. அடுத்த தடவை ஓட்டுக் கேட்டு வரும் வக்கீலிடம் ஒன்று கேட்கப்போகிறேன்: மண்டபம் கேம்ப்பில் இன்றும் குடியுரிமை இல்லாமல் இருக்கும் இலங்கை அகதிகளுக்கு உங்கள் தொகுதியில் ஓட்டு இல்லை, அவர்களுக்காக என்ன பேசுவீர்கள்?