படம் கீற முதல் ஒருக்கா மழைக்குள் போய்ப் பாருங்கோ

யாழ்ப்பாணத்தில் பூங்கா, நடைபாதை என்று பேச்சு எழும்பினால் முதல் வருவது வாசல் வளைவும் இன்டர்லொக் கல்லும்தான். திறப்பு விழாப் படத்துக்கு அது நல்லாயிருக்கும். ஆனால் சித்திரை வெயிலில் காணியைப் பார்த்துத் திட்டப்படம் கீறினால் பிழை கார்த்திகையில்தான் தெரியும். மாரியில் குடையோடு போய், தண்ணி எந்தப் பக்கத்தால் வருகுது, எங்கே தேங்குது, எத்தனை நாளில் வடியுது என்று குறித்துக்கொண்டு வரவேண்டும். வேலை அதிலிருந்துதான் தொடங்குது.

எங்களுக்கு மாரியில் மட்டும் ஓடுகிற வழுக்கையாற்றை விட்டால் வேறு ஆறு இல்லை. ஐப்பசி தொடக்கம் மார்கழி வரை பெய்வது சுண்ணக்கல்லுக்குள் இறங்கித்தான் கிணறு ஊறுது. அந்தத் தண்ணியைத் தேக்கி நிலத்துக்குள் இறக்குவது குளங்கள். ஆகவே குளத்தைச் சுற்றி நடைபாதை போடுவது நல்ல யோசனை. 2021 இல் யாழ் நகரத்து ஆரியகுளம் புனரமைத்த மாதிரி மற்றக் குளங்களையும் எடுக்கலாம். ஒரு நிபந்தனை: குளத்தின் அடியில் கொங்கிறீற் போடக்கூடாது. கரைக்குக் கல் அடுக்கினாலும் இடுக்கு விட்டு அடுக்க வேண்டும். வழக்கமாக நடக்கிற பிழை வேறொன்று. பாதையை உயர்த்தும்போது வாய்க்கால் வாய் அடைபட்டுப் போகும். குளம் காய, பக்கத்து ஒழுங்கை மிதக்கும். பாதைக்குக் கீழே மதகு வைத்து, அதற்கு முன்னால் சேறு தங்க ஒரு தொட்டியும் கட்டி, புரட்டாசியில் அதை வெட்டித் துப்புரவாக்கினால் போதும்.

பாதை 8 அடி அகலம் வேணும். 5 அடியில் இரண்டு பேர் கதைத்துக்கொண்டு போக, எதிரில் வாறவர் புல்லுக்குள் இறங்குவார். கிரவலை ஒரேயடியாகக் கொட்டாமல் 3 அங்குலம், 3 அங்குலமாக இரண்டு தரம் போட்டு நனைத்து உருட்ட வேண்டும். அதன்மேல் ஒரு அங்குலம் மணல், பிறகு 60 மில்லிமீற்றர் தடிப்பான இன்டர்லொக் கல். குப்பை அள்ளுகிற உழவு இயந்திரம் ஏறுகிற இடத்தில் 80. இரண்டு பக்கமும் கொங்கிறீற் கரைக்கல் இல்லாவிட்டால் கல்லெல்லாம் மெல்ல விரிந்து நடுப்பகுதி தாழும். 8 அடிக்கு 2 அங்குலம் சரிவு, குளத்துப் பக்கமாக.

சரி, நிழல். பழைய ஆக்கள் தெருவோரத்தில் சுமை இறக்கி வைக்கச் சுமைதாங்கியும், மாடு உடம்பு உரஞ்ச ஆவுரஞ்சிக்கல்லும், தண்ணிக்குக் கேணியும், இளைப்பாற மடமும் வைத்தார்கள். பருத்தித்துறைத் தெருமூடி மடம் றோட்டுக்கே கூரை. நாங்கள் என்ன செய்கிறோம்? வெட்டவெளியில் இரும்பு வாங்கில் போடுகிறோம். பின்னேரம் 3 மணிக்கு அதில் குந்திப் பாருங்கோ.

பின்னேரம் நடக்கிற சனத்துக்கு வெயில் மேற்கிலிருந்து சரிந்து விழும். வடக்குத் தெற்காக ஓடுகிற பாதை என்றால் மரவரிசை மேற்குப் பக்கம், 20 அடிக்கு ஒன்று. வேம்பு, இலுப்பை, மருது நல்லது; கடனீரேரிப் பக்கம் பூவரசும் புங்கையும். செம்மண் பல இடங்களில் ஆழமில்லை, சீக்கிரம் கல் தட்டும். அலவாங்கால் அந்தக் கல்லை உடைத்து 3 அடிக் குழி எடுக்காவிட்டால் வேர் சட்டிக்குள் வைத்த மாதிரிச் சுற்றி, ஒரு பெருங்காற்றோடு மரம் சாயும். அடிமரம் வரைக்கும் கல் பதிக்கிறதும் அதே கதைதான். சுற்றிவர 4 அடி மண் விட வேண்டும். கட்டாக்காலி மாடு கடிக்காமல் கன்றைச் சுற்றிக் கூடு கட்டாயம்.

மதில் நெஞ்சளவுக்கு மேல் வேண்டாம், வாசல் குறைந்தது இரண்டு வேணும். உள்ளே நடப்பது றோட்டில் போறவருக்குத் தெரிந்தால்தான் பெண்கள் இருட்டின பிறகும் வருவார்கள். லைற்றுக் கம்பம் 12 அடி. 25 அடி என்றால் வெளிச்சம் இலைக்கு மேலேயே நிற்கும். உடற்பயிற்சிக் கருவிகளின் குழாய் வாய்களை மூடுங்கோ, மாரியில் அதுக்குள் நுளம்புக் குடம்பிதான். மலசலகூடக் குழி அடி திறந்திருந்தால் அயல் கிணறுகள் எல்லாம் போச்சு.

புல்தரை மட்டும் கேட்காதேங்கோ. கோடையில் சதுர மீற்றருக்கு நாளுக்கு 5 லீற்றர் குடிக்கும். 1,000 சதுர மீற்றருக்கு 5,000 லீற்றர், அதுவும் கிணற்றுத் தண்ணி. 50 மரக்கன்றுக்கு, தரத்துக்கு 20 லீற்றர் படி கிழமையில் இரண்டு தரம் ஊற்றினாலும் கிழமைக்கு 2,000 லீற்றர்தான். ஐப்பசியில் நட்டு, அடுத்த இரண்டு கோடைக்கும் அந்தத் தண்ணிச் செலவை ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும். தண்ணிப் பவுசர் எந்தெந்த நாள் வரும் என்று வாசலில் ஒரு பலகையும் போட்டு விடுங்கோ. வராத நாளில் கேட்க, நடக்க வாற பென்சன்காரர் இருக்கினம்.