கடற்கரை ஊரைக் காசுள்ளவர்களுக்கு எழுதிக் கொடுக்காதீர்கள்

ஒரு பழைய கடற்கரைச் சுற்றுலா ஊர் நொடித்துப் போக ஆரம்பித்ததும், சொல்லிவைத்த மாதிரி எல்லாரும் ஒரே யோசனையைத்தான் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். மலிவுக் கூட்டத்தைக் குறைக்க வேண்டும். சொகுசு விடுதிகள் வர வேண்டும். கையில் காசுள்ளவர்கள் வந்து தங்க வேண்டும். அப்புறம் ஊர் தானாக நிமிர்ந்துவிடும். பிரிட்டனின் பழைய கடற்கரை ஊர்களைப் பற்றி எங்கே பேச்சு எடுத்தாலும் கடைசியில் இங்கேதான் வந்து நிற்கிறது.

எனக்கு இதில் உடன்பாடு இல்லை. ஊர் சுத்தமாக, அழகாக, நல்ல சாப்பாடும் நல்ல படுக்கையும் கிடைக்கிற இடமாக மாற வேண்டும் என்பதில் ஒரு மறுப்பும் கிடையாது. அழுக்கு விரிப்பும் உடைந்த நாற்காலியும் போதும் என்று யாரைப் பற்றியும் நினைக்க என்னால் முடியாது. ஆனால் ஊரை நன்றாக வைத்துக்கொள்வது ஒரு வேலை, வருகிறவர்களைச் சலித்து எடுப்பது இன்னொரு வேலை. முதலாவதைச் சொல்லிக்கொண்டே இரண்டாவதைச் செய்துவிடுகிறார்கள். என் கோபம் அதன் மேல்தான்.

கடற்கரை ஊர் பணக்காரர்களுக்காகத்தானே உருவானது, திரும்ப அவர்களிடமே போனால் என்ன என்று சிலர் கேட்கிறார்கள். பாதி உண்மைதான். 1750இல் ரிச்சர்ட் ரஸ்ஸல் என்ற மருத்துவர், கடல்நீரில் குளிப்பதும் அதைக் குடிப்பதும் சுரப்பி நோய்களுக்கு மருந்து என்று லத்தீனில் ஒரு நூல் எழுதினார். இங்கிலாந்தின் தென்கரையில் உள்ள பிரைட்டனுக்குச் சீமான்கள் வரத் தொடங்கினார்கள். பின்னாளில் நான்காம் ஜார்ஜ் மன்னரான இளவரசர் அங்கே ஒரு மாளிகையே எழுப்பினார். 1841இல் லண்டனிலிருந்து ரயில் வந்தது. கூடவே கூட்டமும் வந்தது. விக்டோரியா அரசிக்கு அந்தக் கூட்டம் ஒத்துவரவில்லை. குடும்பத்தோடு ஒதுங்குவதற்கு வைட் தீவில் இடம் பார்த்துக்கொண்டார். 1850இல் மாளிகை பிரைட்டன் நகரத்துக்கே விற்கப்பட்டது. அரச குடும்பம் போனதும் ஊர் படுத்துவிட்டதா என்றால் இல்லை. ரயிலில் வந்தவர்கள்தான் அதைப் பெரிய நகரமாக்கினார்கள். இளவரசரின் விருந்து மண்டபத்துக்குள் இன்று டிக்கெட் எடுத்த யாரும் போகலாம்.

இங்கிலாந்தின் வடமேற்குக் கரையில் உள்ள பிளாக்பூலின் கதை இதைவிடப் பெரிது. அந்தப் பக்கத்து லங்காஷயர் மாவட்டத்தின் பஞ்சாலை ஊர்களில் வருடத்துக்கு ஒரு வாரம் ஆலையை மூடிக் கொதிகலனையும் இயந்திரங்களையும் பழுது பார்ப்பார்கள். இந்த வாரம் இந்த ஊர், அடுத்த வாரம் அந்த ஊர் என்று முறைவைத்து மூடுவது வழக்கம். அதனால் கோடை முழுக்க ஏதாவது ஓர் ஊரின் தொழிலாளர்கள் பிளாக்பூலில் இருந்தார்கள். அந்த வாரத்துக்குச் சம்பளம் கிடையாது. வருடம் முழுக்கச் சீட்டுக் கட்டுவதைப் போல வாராவாரம் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, அந்த ஒரு வாரத்தில் செலவழித்துவிட்டு வீடு திரும்புவார்கள். அவர்கள் கொண்டுவந்த சில்லறையில்தான் 1894இல் 158 மீட்டர் உயரக் கோபுரம் எழுந்தது. அதற்கு முன்னால் 1885லேயே மின்சார டிராமும் ஓடத் தொடங்கியிருந்தது. ஏழைக் கூட்டத்தை நம்பினால் ஊர் தேங்கிவிடும் என்று சொல்கிறவர்கள் இந்த இரண்டு வருடங்களை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அதே ஊரில் கடலுக்குள் நீளும் பாலங்களைப் பாருங்கள். 1863இல் திறந்த வடக்குப் பாலம் கொஞ்சம் வசதியானவர்களுக்கானது. கட்டணம் கொடுத்து உள்ளே போய், நல்ல உடை உடுத்தி உலாவி, வாத்தியக் குழுவின் இசையைக் கேட்கலாம். ஐந்து வருடம் கழித்து, கொஞ்சம் தெற்கே இரண்டாவது பாலம் வந்தது. அங்கே திறந்தவெளியில் நடனம் நடக்கும், சிரிப்பும் சத்தமுமாக இருக்கும். அதற்கு மக்கள் பாலம் என்றே பெயர் நிலைத்தது. அமைதி வேண்டியவர் இங்கே, ஆட்டம் வேண்டியவர் அங்கே. ஆனால் கீழே இருந்த மணல் ஒன்றுதான். ஒரே ஊரில் இரண்டு ரசனைக்கும் இடம் இருக்க முடியும் என்பதை நூற்றைம்பது வருடத்துக்கு முன்பே செய்து காட்டிவிட்டார்கள். இன்று நாம்தான் ஏதோ ஒன்றைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும் என்பதுபோல் பேசிக்கொண்டிருக்கிறோம்.

எந்த ஊருக்கு யார் போனார்கள் என்பது வெறும் ரசனையால் முடிவானதும் இல்லை. தென்கரையில் உள்ள ஈஸ்ட்போர்னில் நிலத்தின் பெரும்பகுதி டெவன்ஷயர் பிரபுவின் குடும்பத்திடம் இருந்தது. கடலைப் பார்த்த சாலையில் கடைகள் கூடாது என்று கட்டுப்பாடு வைத்தார்கள். அதனால் அந்த ஊர் அமைதியாக, கண்ணியமாக, விலை கூடியதாக வளர்ந்தது. பிளாக்பூலில் நிலம் துண்டு துண்டாகப் பலர் கையில் கிடந்தது. ஆளுக்கு ஒரு வீட்டைக் கட்டி அறைகளை வாடகைக்கு விட்டார்கள். அதை நடத்தியவர்களில் பெரும்பாலோர் பெண்கள். நிலம் யார் கையில் இருக்கிறதோ அவர்தான் வாசலில் யார் நிற்கலாம் என்று தீர்மானிக்கிறார். இதை விட்டுவிட்டு, சந்தை தானாக முடிவு செய்யட்டும் என்பது சரியான பேச்சில்லை.

அரசும் இதில் கைவைத்திருக்கிறது. பிரான்சில் 1936இல் இரண்டு வாரச் சம்பளத்தோடு கூடிய விடுமுறை சட்டமானது. பிரிட்டனில் 1938இல் அதற்கென ஒரு சட்டம் வந்தது. கடலைப் பார்ப்பது உழைக்கிறவரின் உரிமை என்று ஒரு காலத்தில் நாடாளுமன்றங்களே ஒப்புக்கொண்டன. அதை நாம் ஏன் இவ்வளவு சுலபமாகக் கைவிடுகிறோம்?

சரி, எதிர்த்தரப்பின் வலுவான வாதத்துக்கு வருவோம். இன்றைய பிளாக்பூலைப் பார் என்கிறார்கள். பார்க்கத்தான் வேண்டும். இங்கிலாந்தில் ஆண்களின் சராசரி ஆயுள் மிகக் குறைவான ஊர் அது. 2021இல் இங்கிலாந்தின் தலைமை மருத்துவ அதிகாரி கிறிஸ் விட்டி தன் ஆண்டறிக்கை முழுவதையும் கடலோர ஊர்களின் உடல்நலத்துக்கே ஒதுக்கினார் என்றால் நிலைமை எவ்வளவு மோசம் என்று தெரிந்துகொள்ளலாம். ஆனால் காரணத்தைச் சரியாகப் பார்க்க வேண்டும். ஸ்பெயினுக்கு மலிவு விமானச் சுற்றுலா வந்ததும் ஒரு வாரம் தங்குகிற குடும்பங்கள் குறைந்தன. காலியான சிறு விடுதிகளை ஒற்றை அறைக் குடியிருப்புகளாக மாற்றினார்கள். வேறெங்கும் வாடகை கொடுக்க முடியாதவர்கள், வேலையும் உடம்பும் சரியில்லாதவர்கள், அங்கே வந்து சேர்ந்தார்கள். முன்பு கடல்காற்றுக்காக வந்த குடும்பம் ஒரு வாரம் தங்கிய அறையில், இன்று ஒருவர் பொதுக் குளியலறையோடு வருடக்கணக்கில் இருக்கிறார். எளிய மக்கள் வந்ததால் பிளாக்பூல் விழவில்லை. அவர்கள் வருவது குறைந்தபோதுதான் விழுந்தது. அந்த அறைகளைச் சீர்செய்ய வேண்டும், அங்கே வாழ்கிறவர்களுக்கு மருத்துவமும் வேலையும் வேண்டும். கடலோரத்தில் ஓர் ஐந்து நட்சத்திர விடுதியைக் கட்டினால் இரண்டு தெரு தள்ளியிருக்கும் அந்த அறையில் என்ன மாறும்?

மேல்தட்டை நம்பிப் பணம் போட்டவர்கள் எப்போதும் ஜெயிப்பதும் இல்லை. அமெரிக்காவின் அட்லாண்டிக் சிட்டி, 1870இலிருந்து கடலோர மரநடைபாதைக்குப் பேர்போன ஊர். கூட்டம் குறைந்ததும் 1976இல் சூதாட்டத்துக்கு வாக்கெடுப்பில் அனுமதி கிடைத்து, 1978இல் முதல் கேசினோ திறந்தது. அது சில காலம் நன்றாக ஓடியது. பிறகு அக்கம்பக்கத்து மாநிலங்களிலும் கேசினோ வந்துவிட்டது. அப்போது எடுத்த மருந்துதான் ரெவல். சுமார் 240 கோடி டாலர் செலவில் 2012இல் திறந்த சொகுசு விடுதி அது. புகைபிடிக்கத் தடை, மலிவு பஃபே கிடையாது. அந்த ஊருக்குப் பேருந்தில் வந்து போகும் வழக்கமான ஆட்கள் தனக்கு வேண்டாம் என்று அது சொல்லாமல் சொன்னது. 2014 செப்டம்பரில் மூடிவிட்டார்கள். அடுத்த வருடம் 8.2 கோடி டாலருக்குக் கைமாறியது. அங்கே வேலை பார்த்த ஆயிரக்கணக்கானவர்கள் தெருவுக்கு வந்தார்கள். உள்ளவர்களை விரட்டிவிட்டு வராதவர்களுக்காகக் காத்திருந்தால் இப்படித்தான் ஆகும்.

இங்கிலாந்தின் மார்கேட் வேறு மாதிரி. 2011இல் டர்னர் கண்டெம்பரரி என்ற கலைக்கூடம் கடலோரத்தில் திறந்தது. நல்ல கட்டடம், நல்ல கலை, நுழைவு இலவசம். இதைத்தான் நான் தரம் என்பேன். பள்ளிப் பிள்ளையும் போகலாம், ஓவியம் சேகரிப்பவரும் போகலாம். அதே ஊரின் பழைய பொழுதுபோக்குப் பூங்கா டிரீம்லேண்ட், புதுப்பிக்கப்பட்டு 2015இல் நுழைவுக் கட்டணத்தோடு மறுபடி திறந்தது. ஒரு வருடத்துக்குள் கடன் நெருக்கடியில் சிக்கியது. பின்னால் வாசலில் வாங்கிய கட்டணத்தை எடுத்துவிட்டார்கள். ஆனால் கலைக்கூடத்தைச் சுற்றி வீட்டு விலை ஏறி, லண்டன்காரர்கள் வாங்கத் தொடங்கி, உள்ளூர்க்காரர் வாடகை கொடுக்கத் திணறுவதும் அங்கேதான் நடக்கிறது. கலைக்கூடத்தின் மேல் எனக்குக் குறை இல்லை. அதோடு சேர்த்து வீட்டைப் பற்றி யோசிக்காதவர்கள் மேல் உண்டு.

கூட்டத்துக்கு இடம் கொடுத்தால் ஊர் அசிங்கமாகும் என்பவர்கள் ஸ்பெயினின் பெனிடோர்முக்கு ஒருமுறை போய்வரலாம். 1956லேயே அந்த ஊருக்கு முழு நகரத் திட்டம் போட்டார்கள். கட்டடங்களைப் பரவவிடாமல் மேலே எழுப்பினார்கள், இடையே வெளி விட்டார்கள். அந்த உயரமான கட்டடங்கள் எல்லாருக்கும் பிடிக்கும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் கடலுக்கு நடந்தே போகிற தூரத்தில் இத்தனை சாதாரணக் குடும்பங்களைத் தங்கவைக்க வேறு வழி எனக்குத் தெரியவில்லை. சொகுசு வில்லாக்கள் கேட்கும் நிலமும் தண்ணீரும் தலைக்குக் கணக்குப் போட்டால் இதைவிடப் பல மடங்கு.

எல்லாருக்கும் திறந்த ஊர் என்று வாயால் சொல்வது சுலபம். காலையில் பேருந்தில் வந்து இரவு திரும்பும் ஒரு குடும்பத்தின் இடத்தில் நின்று பாருங்கள். அவர்கள் எந்த விடுதியிலும் அறை எடுக்கவில்லை. பாட்டி இருக்கிறார், கைக்குழந்தை இருக்கிறது. குழந்தையின் ஈர உடையை எங்கே மாற்றுவது? காலில் ஒட்டிய மணலைக் கழுவக் குழாய் உண்டா? பாட்டி காசு கொடுக்காமல் முதுகைச் சாய்த்து உட்கார ஒரு பெஞ்சு இருக்கிறதா? கழிப்பறை எங்கே இருக்குமோ என்ற கவலையில் பாட்டி காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் வந்திருப்பார். இதைப் பெண்களிடம் கேட்டால் தெரியும். பிரிட்டனில் பொதுக் கழிப்பறை நடத்த வேண்டிய சட்டக் கட்டாயம் உள்ளாட்சிகளுக்குக் கிடையாது. அதனால் பணம் குறைந்தால் முதலில் பூட்டு விழுவது அதில்தான். கடலோரத்தை அழகுபடுத்தும் திட்டங்களின் படங்களில் பளபளக்கும் நடைபாதையும், வெள்ளைக் குடையின் கீழ் காப்பி குடிப்பவர்களும் இருப்பார்கள். பெஞ்சைத் தேடினால் அது ஏதாவது கடையின் நாற்காலியாக இருக்கும். யாரையும் வராதே என்று சொல்ல வேண்டியதில்லை. உட்கார இடமும் ஒதுங்க இடமும் இல்லாமல் செய்துவிட்டால் போதும், அந்தப் பாட்டி அடுத்த வருடம் வரமாட்டார்.

மணலுக்கே வேலி வருவதும் நடக்கிறது. கிரீஸில் 2023 கோடையில் பாரோஸ் தீவு மக்கள் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு போராட்டத்துக்கு இறங்கினார்கள். வாடகைச் சாய்வு நாற்காலிகள் கரையை நிறைத்துவிட்டதால், தங்கள் ஊர்க் கடலில் தங்களுக்கே துண்டு விரிக்க இடமில்லை என்பதுதான் அவர்கள் புகார். கலிபோர்னியாவில் 1976ஆம் ஆண்டுக் கடலோரச் சட்டம் பொதுமக்கள் கரைக்குப் போகும் வழியைப் பாதுகாக்கிறது. அங்கேயும் பெரும் பணக்காரர்கள் பாதையை மறித்துக் கதவு போட்டு வழக்கு நடத்தியிருக்கிறார்கள். சட்டம் இருக்கிற இடத்திலேயே இந்தப் பாடு.

கடைசியாக வீடு. சொகுசு விடுதியின் படுக்கையை விரிக்கிறவர் எங்கே குடியிருப்பார் என்று விளம்பரப் படம் சொல்வதில்லை. இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் இருக்கும் கார்ன்வாலின் செயின்ட் ஐவ்ஸ் ஊரில் புதிதாகக் கட்டும் வீடுகள் நிரந்தரமாகக் குடியிருப்பவர்களுக்கு மட்டுமே என்று 2016இல் மக்களே வாக்களித்து விதி கொண்டுவந்தார்கள். துணிச்சலான வேலை. ஆனால் பழைய வீடுகளுக்கு அந்த விதி பொருந்தாது. விடுமுறை வீடு தேடுகிறவர்கள் அங்கே திரும்பினால் தடுக்க வழியில்லை. வரியால்தான் அதைத் தொட முடியும். வேல்ஸில் 2023 ஏப்ரலிலிருந்து இரண்டாவது வீடுகளுக்கு 300 சதவீதம் வரை கூடுதல் உள்ளாட்சி வரி போட அனுமதி இருக்கிறது. இங்கிலாந்தில் 2025 ஏப்ரலிலிருந்து 100 சதவீதம் வரை போடலாம். எல்லாக் கடற்கரை உள்ளாட்சிகளும் அந்த உச்சவரம்பு வரை வசூலிக்க வேண்டும் என்பது என் கருத்து. அந்தப் பணம் பொதுக்கணக்கில் கரைந்துவிடக் கூடாது. விடுதிகளில் வேலை செய்கிறவர்களுக்கு அதே ஊரில் வாடகை வீடு கட்டவும், பூட்டிய கழிப்பறைகளைத் திறக்கவும், இருட்டிய பிறகும் ஊர் திரும்ப ஒரு பேருந்து ஓட்டவும் அதைத் தனியாக ஒதுக்கி, எவ்வளவு வந்தது, எதற்குச் செலவானது என்று வருடாவருடம் ஊர் அறிய வெளியிட வேண்டும்.