சர்நேம் பெட்டியில் என்ன எழுதித் தொலைப்பது?

நெல் பாஸ். பேர்தான் ஃபெயில்.

கொள்முதல் நிலையத்தில் மூட்டையைக் குத்திப் பார்த்தார்கள். ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருந்தது. 40 கிலோ சிப்பமாகப் பிடித்து ஏற்றியும் விட்டார்கள். அங்கே ஒருத்தர்கூட என்னிடம் சர்நேம் கேட்கவில்லை. பணத்தை எடுக்க வங்கிக்குப் போன இடத்தில்தான் வந்தது வினை. கே.ஒய்.சி. (நான்தான் நான் என்பதற்கான அடையாள விவரம்) புதுப்பிக்கவில்லையாம், கணக்கை நிறுத்தி வைத்திருக்கிறார்களாம். சரி, புதுப்பித்துக் கொடுங்கள் என்று ஆதார், பான், பாஸ்புக், ஜெராக்ஸ் எல்லாவற்றையும் கொண்டுபோய் நீட்டினேன்.

திரையில் ஒரு பெட்டி. பக்கத்தில் ஒரு சிவப்பு நட்சத்திரம். தெரியும்தானே அந்த நட்சத்திரம்? அதை நிரப்பாமல் பிரம்மாவே வந்தாலும் அடுத்த பக்கம் போக முடியாது.

"சார், சர்நேம்?"

"இல்ல தம்பி."

"இல்லாம எப்படி சார்?"

"எங்க வீட்ல யாருக்குமே இல்ல தம்பி. எங்க தெருவுலயே இல்ல."

திருவிழாக் கூட்டத்தில் தொலைந்துபோன பிள்ளையைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தார். அப்புறம் ஒரு யோசனை வந்தது அவருக்கு. "இனிஷியல் இருக்கே சார், அதைப் போட்டுடுவோம்." 'கே' என்று ஒரே ஓர் எழுத்தை அடித்தார். குறைந்தது இரண்டு எழுத்து வேண்டும் என்றது கணினி. 'கே' போட்டுப் புள்ளியும் வைத்தார். சிறப்புக் குறியீடுகள் அனுமதி இல்லை என்றது. யோசித்துப் பாருங்கள், புள்ளி சிறப்புக் குறியீடாம்! இந்த மாவட்டத்தில் அந்தப் புள்ளி இல்லாமல் ஒரு கல்யாணப் பத்திரிகை அச்சானதுண்டா? கண்ணீர் அஞ்சலி போஸ்டரில்கூட இருக்குமே.

அடுத்து 'கேகே' என்று அடித்தார். கணினி வாயை மூடிக்கொண்டு ஏற்றுக்கொண்டது! தம்பி முகத்தில் அப்படி ஒரு வெற்றி. கேகே அறிவழகன். ஏதோ சிகரெட் கம்பெனி முதலாளி மாதிரி இருந்தது எனக்கே. ஆனால் அடுத்த பக்கத்தில் ஆதாரோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, பெயர் பொருந்தவில்லை என்று காறித் துப்பியது. மறுபடி முதல் பக்கம். அடித்ததெல்லாம் அழிந்துபோய்விட்டது. முகவரியிலிருந்து ஆரம்பம்.

"அப்பா பேரைப் போடுங்க தம்பி, கலியபெருமாள்."

போட்டார். பான் அட்டையோடு பொருந்தியது. ஆதாரோடு பொருந்தவில்லை. ஏன் என்று பார்த்தால், ஆதாரில் என் பெயருக்குப் பின்னால் வெறும் 'கே', கீழே அப்பா பெயரில் 'ஒய்' இல்லை. பான் அட்டைக்காரன் 'ஒய்' போட்டிருக்கிறான். பாஸ்புக்கில் 'ஒய்' இருக்கிறது, ஆனால் இனிஷியல் முன்னால். ஒரே மனுஷனுக்கு மூன்று அட்டை, மூன்று எழுத்துக்கூட்டு, மூன்றும் அரசாங்கம் சொல்லி எடுத்ததுதான். நானாகவா போய் 'ஒய்'யைத் தின்றேன்?

"உங்க பேரையே ரெண்டு தடவை போட்டுடலாமா சார்? நிறையப் பேர் அப்படித்தான் பண்றாங்க."

அறிவழகன் அறிவழகன். ஒரு தடவை வைத்ததற்கே பள்ளிக்கூடத்தில் நான் பட்ட கிண்டல் போதாதா?

இதற்கு நடுவில் என் கண் அவர் சட்டையில் குத்தியிருந்த பெயர் அட்டைக்குப் போனது. பெயருக்கு முன்னால் ஒற்றை எழுத்து, ஒரு புள்ளி. "உங்க சர்நேம் என்ன தம்பி?" என்று கேட்டேன். கொஞ்சம் நெளிந்தார். "எனக்கும் அப்பா பேருதான் சார், வேலைக்கு அப்ளை பண்ணும்போது அதைத்தான் போட்டேன்." அடப்பாவி! நீயும் நம்ம ஆள்தானா? அப்புறம் எதற்கு இவ்வளவு நேரம் என்னை அனாதை மாதிரி பார்த்தாய்?

கடைசியில்தான் குரலைத் தாழ்த்திக்கொண்டு அந்தக் கேள்வியைக் கேட்டார். "தப்பா நினைச்சுக்காதீங்க சார், உங்களுக்குப் பட்டம் ஏதாச்சும் உண்டா? தாத்தா பேருக்குப் பின்னால இருந்திருக்கும்ல, அதைப் போட்டா ஈஸியா முடிஞ்சிடும்."

தப்பாக நினைக்காமல் வேறு எப்படி நினைப்பது? 'நீங்க என்ன ஆளுங்க' என்று டீக்கடையில் சுற்றி வளைத்துக் கேட்பதைத்தான் வங்கியில் ஏசி போட்டுக் கேட்கிறார்கள். தஞ்சாவூர்ப் பக்கம் பட்டங்களுக்கா பஞ்சம்? வாண்டையார், மூப்பனார், மழவராயர், சேதுராயர் என்று பெயரின் வாலைப் பிடித்தே ஆளை எடை போட்ட ஊர் இது. என் தாத்தா காலத்துக் கிரயப் பத்திரத்தில் எங்கள் பெயரிலும் அப்படி ஒரு வால் இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. அதை வெட்டியவர் என் அப்பா. கறுப்புச் சட்டைக்காரர். 1929-இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் சாதிப் பட்டத்தை விட்டுவிடுவோம் என்று தீர்மானம் போட்டார்களே, அதை வாழ்நாள் முழுக்கப் பிடித்துக்கொண்டு நின்றார். கல்யாணப் பத்திரிகையில் பெரியப்பா அந்த வாலை அச்சடித்துவிட்டார் என்பதற்காக, ஒவ்வொரு பத்திரிகையிலும் பிளேடால் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் ஊருக்குக் கொடுத்தார் என்று அம்மா சொல்லும். சுரண்டிய இடத்தில் ஓட்டை விழுந்த பத்திரிகை ஒன்று இன்னும் பீரோவில் கிடக்கிறது. அவ்வளவு பாடுபட்டு ஒரு மனுஷன் வெளியே தள்ளியதை, ஒரு சிவப்பு நட்சத்திரம் கொல்லைக் கதவு வழியாக உள்ளே கூப்பிடுகிறது. 'ஈஸியா முடிஞ்சிடும்'. ஆமாம், முடிந்துவிடும்.

சர்நேம் இல்லாதவன் ஏதோ நாகரிகம் தெரியாதவன் என்கிற நினைப்பு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. ஒரு நடை பெரிய கோயிலுக்குப் போய்ப் பாருங்கள். சுற்றியிருக்கும் திருச்சுற்று மாளிகையைக் கட்டியவர் ராஜராஜனின் சேனாபதி. பெயர் கிருஷ்ணன் இராமன். அதாவது கிருஷ்ணன் மகன் இராமன். அரசன் கொடுத்த மும்முடிசோழ பிரம்மமாராயன் என்கிற பட்டம் தனியாக, 'ஆன' என்று போட்டுப் பின்னால் வரும். ஆயிரம் வருஷத்துக்கு முன்னாலேயே அப்பா பெயர் முன்னால், தன் பெயர் பின்னால். கோயிலில் ஆடிய தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரையும் அதே கோயில் கல்வெட்டில் எழுதி வைத்திருக்கிறார்கள். எந்தச் சிறகு, எத்தனையாவது வீடு, எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவள், பேர் என்ன என்று ஒவ்வொருத்திக்கும் வரி வரியாக. கல்லில் உளி வைத்து 400 பேருக்குக் கே.ஒய்.சி. முடித்திருக்கிறான் ராஜராஜன். ஒரு பெண்ணையாவது குறைந்தது இரண்டு எழுத்து வேண்டும் என்று திருப்பி அனுப்பினானா?

ஆள் எந்த ஊர், யார் மகன் என்பதற்கு எங்களுக்கு வால் தேவைப்பட்டதே இல்லை. ஐயாறப்பன், பஞ்சநதம் என்றால் திருவையாறு. சாரங்கபாணி என்றால் கும்பகோணம். ராஜகோபால் என்றால் மன்னார்குடி, மாயூரநாதன் என்றால் மாயவரம். கலியபெருமாள் என்றால் கொள்ளிடத்துக்கு அந்தப் பக்கம் கல்லங்குறிச்சி கலியுக வரதராசப் பெருமாளுக்கு எங்கள் ஆத்தா வேண்டிக்கொண்டது. (சாமிக்கு நேர்ந்து பெற்ற பிள்ளைதான் கறுப்புச் சட்டை போட்டது என்பது வேறு கதை.) பெயரிலேயே ஊர் இல்லையென்றால் இனிஷியலில் இருக்கும். வலங்கைமானில் பிறந்த, ஆங்கிலப் பேச்சுக்குப் பேர்போன சீனிவாச சாஸ்திரிக்கு 'வி' வலங்கைமான். பரதநாட்டியம் ஆடிய பாலசரஸ்வதிக்கு 'டி' தஞ்சாவூர். பாட்டுக்காரர் சீனிவாச ஐயருக்குச் செம்மங்குடி என்று ஊரைச் சொன்னாலே போதும், யார் என்று கேட்க மாட்டார்கள்.

இதையெல்லாம் வெளிநாட்டுக்காரன் படுத்தும் பாடு தனி. கும்பகோணத்தில் ஜவுளிக்கடைக் குமாஸ்தா சீனிவாச ஐயங்காரின் மகன் கணித மேதை ராமானுஜன். கேம்பிரிட்ஜ் போனார், 1918-இல் ராயல் சொசைட்டி உறுப்பினர் ஆனார். உலகம் என்ன செய்தது? அப்பா பெயரை அவருடைய பெயராக்கி, அவருடைய சொந்தப் பெயரை வம்சப் பெயராக்கி வைத்துவிட்டது. மன்னார்குடிப் பக்கத்துப் பி.வி.கோபாலனில் 'பி' பைங்காநாடு, 'வி' அவர் அப்பா வெங்கட்ராமன். மகள் சியாமளா 1958-இல் அமெரிக்காவுக்குப் படிக்கப் போனார். அங்கே அப்பா பெயரான கோபாலனே சர்நேமாகிவிட்டது. அந்த அம்மாவின் மகள்தான் கமலா ஹாரிஸ். வெங்கட்ராமனும் பைங்காநாடும் கப்பல் ஏறவே இல்லை.

இவர்கள் பெரிய மனிதர்கள், சமாளித்துவிட்டார்கள். நம் கதை? பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் இருந்தால் அமெரிக்க விசாவில் எஃப்.என்.யு. என்று போட்டுவிடுவார்கள். முதல் பெயர் தெரியவில்லை என்று அர்த்தம். பெற்று வைத்துப் பெயர் சூட்டி, காதில் மூன்று தடவை சொன்ன பெயர், தெரியவில்லையாம்! 2022 நவம்பரில் அமீரகம் ஒற்றைப் பெயர்க்காரர்கள் விசிட் விசாவில் வரக்கூடாது என்றது. கூத்தாநல்லூர், முத்துப்பேட்டைப் பக்கம் டிராவல்ஸ் கடைகளில் நடந்த அமளியைப் பார்த்திருக்க வேண்டும். பாஸ்போர்ட்டின் இன்னொரு பக்கத்தில் அப்பா பெயர் இருந்தால் போதும் என்று பிறகு சொன்னார்கள். அதற்குள் எத்தனை பேருக்கு வயிற்றைக் கலக்கியதோ.

எங்கள் வீட்டு நிலவரத்தைக் கேளுங்கள். குடும்பப் பெயர் என்றால் குடும்பத்துக்கே ஒன்று இருக்க வேண்டும், அதுதானே நியாயம்? எனக்குச் சர்நேம் கலியபெருமாள். என் மகனுக்கு அறிவழகன். என் மனைவியின் பான் அட்டையில், ஒற்றைப் பெயர் இருந்தால் அதையே கடைசிப் பெயர்ப் பெட்டியில் போட வேண்டும் என்ற விதிப்படி, அவள் பெயரே அவளுக்குச் சர்நேம். பான் எண்ணின் ஐந்தாவது எழுத்து சர்நேமின் முதல் எழுத்து. ஆக, வருமான வரித் துறையின் கணக்கில் ஒரே உலையில் சோறு பொங்கித் தின்னும் நாங்கள் ஒருவருக்கொருவர் அந்நியர். அவளாவது யார் தயவும் இல்லாமல் சொந்தக் காலில் நிற்கிறாள்.

மகன் இருப்பது வெளிநாட்டில். பேரனுக்குப் பள்ளிக்கூடத்தில் ஒரு வேலை கொடுத்திருக்கிறார்கள். உங்கள் குடும்பப் பெயரின் தோற்றம் என்ன, பொருள் என்ன, உலகத்தில் எத்தனை பேருக்கு இருக்கிறது? அவனுக்கும் அறிவழகன்தான் சர்நேம். மகன் போட்ட ஏற்பாடு. ராத்திரி போனில் கேட்கிறான்: "தாத்தா, அறிவழகன் ஃபேமிலி எந்த செஞ்சுரில ஸ்டார்ட் ஆச்சு?"

என்ன சொல்வேன்? "நான் பொறந்தப்போதான்டா ஸ்டார்ட் ஆச்சு" என்றேன். அவன் நம்பவில்லை. நெட்டில் தேடினானாம். எங்கள் 'வம்சத்துக்கு' கேடயம், சிங்கம், மேலே கிரீடம் எல்லாம் வைத்து ஒரு சின்னமே இருக்கிறதாம். காசு கட்டினால் கோப்பையில் அச்சடித்து அனுப்புவார்களாம். சிங்கம்! எங்கள் வம்சத்தில் நான் பார்த்த பெரிய மிருகம் கறவை எருமைதான்.

வங்கிக் கதை முடியவில்லை. மேனேஜர் வந்தார். ஆதாரைத் திருத்திக்கொண்டு வாருங்கள் என்றார். ஆதார் மையத்தில், பான் அட்டையைத் திருத்துங்கள் என்கிறார்கள். இருவரும் கெஜட்டில் போட்டுக்கொண்டு வந்தால் நல்லது என்பதில் மட்டும் ஒற்றுமையாக இருக்கிறார்கள். நெல்லுக்கு வந்த பணம் என் கண் முன்னால் திரையில் தெரிகிறது, தொட முடியவில்லை. சம்பா விதைக்கு வட்டிக்கு வாங்கியிருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து உட்கார்ந்தால் போனில் குறுஞ்செய்தி. "அன்புள்ள கலியபெருமாள், உங்களுக்கு 5 லட்சம் ரூபாய் வரை முன்-அனுமதி பெற்ற தனிநபர் கடன் தயார்!"

அதே வங்கி. உயிரோடு இருக்கிற எனக்கு என் நெல் பணத்தைத் தர மாட்டான். செத்துப்போன என் அப்பாவுக்குக் கடன் தருவான். நகைக்கடன் கேட்டு மனுஷன் நடையாய் நடந்தபோது ஒருத்தன் உட்காரச் சொன்னதில்லை. இப்போது 'அன்புள்ள'! படித்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தேன், நிறுத்த முடியவில்லை. என் மனைவி வந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனாள்.

அது கிடக்கட்டும். என் பேரை இப்படித் துருவுகிறார்கள், இந்த நெடுஞ்சாலை முழுக்கக் 'கும்பகோணம் டிகிரி காபி' என்று ஊர்ப் பேரைப் போர்டு மாட்டுகிறார்களே, அதை யார் கேட்பது? போன வாரம் திண்டிவனம் பக்கம் ஒரு கடையில் இறங்கிக் குடித்தேன். பித்தளை டவரா கையைச் சுட்டது, உள்ளே இருந்தது வெறும் சிக்கரிக் கஷாயம். ஏம்பா, இதுவா கும்பகோணம் காபி என்று கேட்டால், "பால் கும்பகோணத்துப் பால் சார்" என்கிறான். திண்டிவனத்தில்!